நான் லேமினேட் செய்த சீட்டு

அக்கா,

போன வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் நீங்கள் வழக்கமாகப் போகிற நகல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். முனீஸ்வரியின் மகள் அபிநயாவின் கோப்பிலிருந்து சில தாள்களை நகலெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தன் மகளுடைய சான்றிதழை லேமினேட் செய்யக் கொடுத்திருந்தார். இயந்திரம் சூடேறியதும் உருகும் பிளாஸ்டிக்கின் வாசனை கடை முழுக்கப் பரவியது. அது ஒன்றும் கெட்ட வாசனை இல்லை. முப்பத்து நான்கு வருடம் ஆசிரியராக இருந்த எனக்கு அது பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜனவரி மாதத்தின் வாசனை. பெயர் அட்டை, எழுத்து அட்டை, வாய்பாடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக்கில் போட்டு வைத்தவள் நான். இப்போது அந்த வாசனை வந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேன்.

என் முறை வந்ததும் கடைக்காரப் பெண் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

"ஆன்டி, எல்லாம் பழைய பேப்பரா இருக்கே. மேல இருக்கிறத மட்டும் லேமினேட் பண்ணித் தரட்டா? கெட்டுப் போகாது லா."

"வேணாம்!" என்றேன்.

என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே பூக்கடையில் சரம் கட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "சரி ஆன்டி, சரி. நான் ஒண்ணும் பண்ணல."

அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அங்கிருந்து நேராகச் செந்தூலில் முனீஸ்வரியிடம் போய், நான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். என்ன நடந்தது என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் இது முழுதாகத் தெரியாது.

நம் சங்கத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் நான் சுற்றி வளைத்துச் சொல்வேன். நீங்கள் சட்டென்று சொல்லிவிடுவீர்கள்: "கூட உட்கார்றோம்." கேட்டவர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை. நம்மிடம் வழக்கறிஞர் இல்லை, பெரிய மனிதர்களின் சிபாரிசு இல்லை. செந்தூலில் மோட்டார் சாமான் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு காற்றாடி. அந்த அறையில் காலையில் நான் பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். நீங்கள் அவர்களுடைய பெற்றோர்களோடு மருத்துவமனைக்கும் அலுவலகங்களுக்கும் போய் உட்கார்ந்திருப்பீர்கள். அவர்கள் ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை பெர்மிட் முடிந்தவர்கள், முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டவர்கள். கவுண்டருக்குத் தனியாகப் போனால் வாய் திறப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவார்கள். பக்கத்தில் ஐசி, இந்த நாட்டு அடையாள அட்டை, வைத்திருக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பங்களாதேஷ்காரருக்கு விரல் துண்டான அன்று, நீங்கள் அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். யாரோடும் சண்டை போடவில்லை. தாதி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கடைசியில் அந்தத் தாதியே வந்து உங்களை அத்தை முறை வைத்து, "மக்சிக், நீங்க எழுந்து எழுந்து நிக்கிறத பார்த்தா எனக்கே கால் வலிக்குது" என்று சொல்லி அவரை உள்ளே அழைத்துப் போனாள்.

"நான் தபால் நிலையக் கவுண்டருக்குப் பின்னாடி இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவ டீச்சர். அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கும் பசிக்கும், முதுகு வலிக்கும். நாம போயிட்டா மறந்துடுவாங்க. போகாம உட்கார்ந்திருந்தா எப்படி மறப்பாங்க?" என்பீர்கள்.

முனீஸ்வரி நம்மிடம் வந்தது ஒரு மழைக்காலத்தில். அப்போது அவர்கள் கிள்ளானில் ஆற்றோரமாக ஒரு அறையில் இருந்தார்கள். கணவர் பாண்டி ஒரு உணவகத்தில் புரோட்டா போடுகிறவர். இராமநாதபுரத்துப் பக்கம். அவர் பெர்மிட்டில் வந்தவர். அவள் சுற்றிப் பார்க்கும் விசாவில் வந்து, திரும்பிப் போகாமல் இருந்துவிட்டவள். குழந்தை இங்கேதான் பிறந்தது. பதிவு செய்யப் போனால் தாயைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்து பதியவே இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தாள். கிள்ளானில் ஒரு சின்னப் பிரசவ விடுதி எழுதிக் கொடுத்த சீட்டு. இன்னாருக்கு இன்ன நாளில் பெண் குழந்தை பிறந்தது என்று நீல மையில் எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டிருந்தது.

வெள்ளம் அறைக்குள் வந்தபோது அவள் அந்தச் சீட்டைத் தலையணை உறைக்குள் திணித்து, தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வெளியேறியிருக்கிறாள். ஒரு கையில் ஆறு வயது அபிநயா. நம் மாடிக்கு வந்து உறையை உதறினாள். சீட்டு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது.

"பாத்திரம் பண்டம் போனாப் போகுது டீச்சர். இது போச்சுன்னா இவ பொறந்ததுக்கே சாட்சி கெடையாது" என்றாள்.

அன்று நீங்கள் அவர்களுக்கு அறை தேடச் செந்தூல் அடுக்குமாடிகள் பக்கம் போயிருந்தீர்கள். நான் சீட்டைத் துணிமேல் விரித்து, காற்றாடிக்கு அடியில் காய வைத்தேன். காய்ந்ததும் ஓரங்கள் நொறுங்கத் தொடங்கின. இன்னொரு மழை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். என் பள்ளிக்கூடத்து லேமினேட் இயந்திரத்தை ஓய்வு பெற்றபோது அங்கிருந்து நான் வாங்கி வந்திருந்தேன் இல்லையா, அதைச் சூடாக்கினேன். சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் நேராக வைத்து மெதுவாக உள்ளே விட்டேன். மறுபக்கம் பளபளவென்று வந்தது. அபிநயா அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, "டீச்சர், என் பேப்பர் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி தண்ணீர் தொட முடியாது என்று நினைத்தேன்.

நீங்கள் திரும்பி வந்து அதைப் பார்த்தீர்கள். ஒரு கணம் ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. பிறகு, "அழகா இருக்கு டீச்சர்" என்று சொல்லிக் கோப்பில் வைத்தீர்கள். உங்களுக்கு அப்போதே தெரியுமா? இதை நான் உங்களிடம் கேட்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பாண்டியைப் பிடித்தார்கள். பெர்மிட்டில் இருந்த முதலாளி ஒருவர், அவர் வேலை செய்த கடை வேறு; சட்டப்படி அது குற்றம். சில மாதம் உள்ளே வைத்திருந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு முனீஸ்வரிக்கு ஒரே எண்ணம்தான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட வேண்டும். தானாக முன்வந்து திரும்பிப் போகிறவர்களுக்கு வழி இருந்தது. ஆனால் அது அவளுக்கு மட்டும். பிள்ளைக்குப் பயணப் பத்திரம் வேண்டும். அதற்குப் பிறப்புப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு விடுதிச் சீட்டின் அசல் வேண்டும்.

"நான் போகலாமாம், எம்புள்ள போகக் கூடாதாம். ஒரே வயித்துல இருந்து வந்ததுக்கு இது என்னக்கா நியாயம்?" என்றாள் உங்களிடம்.

"அசல் இருக்குல்ல, பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

பதிவு அலுவலகத்துக்கு நாம் நால்வரும் போனோம். காலையிலேயே எண் சீட்டு எடுத்து, மதியத்துக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் மோசமானவர் இல்லை. சிரித்த முகம். அபிநயாவைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார். பிறகு விடுதிச் சீட்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக்மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது அசலா, கலர் நகலா என்று நான் எப்படிப் பார்ப்பது? தாளைத் தொட முடியவில்லை, பின்பக்கம் எங்கள் முத்திரையும் குத்த முடியாது. தாக் போலே, மக்சிக்" என்றார் மலாயில், முடியாது என்று. விடுதியில் போய்ப் புதிதாக ஒன்று எழுதி வாங்கி வரச் சொன்னார். பிறகு, "யார் இதைச் செய்தது?" என்று கேட்டார். திட்டவில்லை, சும்மாதான் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், "சாயா" என்றுவிட்டீர்கள். நான்தான் என்று.

முனீஸ்வரி உங்கள் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா சொல்றாரு?"

"பிளாஸ்டிக் போட்டது தப்பாம்மா. நான்தான் போட்டேன். நனைஞ்சிருந்துச்சுன்னு போட்டுட்டேன். யோசிக்காம செஞ்சுட்டேன்."

அவள் அபிநயாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரயிலில் நம் பெட்டியிலேயே ஏறினாள். ஆனால் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"அவ பிள்ளை உங்ககிட்ட படிக்குது டீச்சர். உங்க மேல மனசு விட்டுப் போச்சுன்னா நாளைக்கு அனுப்ப மாட்டா. என் மேல கோவப்பட்டா என்ன? எனக்குத் தடிச்ச தோலு. கவுண்டர்ல உட்கார்ந்து வாங்காத ஏச்சா?"

அப்போது அது எனக்குச் சரி என்று பட்டது. இன்னும் உண்மையாகச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சமையல் மேசையில் நாம் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, துண்டை மேலே போட்டு அழுத்தினால் பிளாஸ்டிக் இளகிவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருந்தார்கள். முதலில் என் பழைய வாய்பாட்டு அட்டை ஒன்றில் செய்து பார்த்தோம். அழகாகப் பிரிந்து வந்தது. "பார்த்தீங்களா, உங்க ஏழாம் வாய்பாட்டுக்கு விடுதலை!" என்று சிரித்தீர்கள்.

சீட்டு அப்படி வரவில்லை. அது வெள்ளத்தில் ஊறிய தாள். ஒரு மூலையை உரித்ததும் தாளின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து கிழிந்தது. நீல மையில் இருந்த தாயின் பெயரில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. நீங்கள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள். இருவரும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைத் திரும்ப ஒட்டவும் முடியாது, மேலே உரிக்கவும் முடியாது. வெளியே கோமுட்டர் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"டீ போடறேன்" என்று எழுந்தீர்கள். போட்டீர்கள். இருவரும் குடிக்கவில்லை.

பிறகு கிள்ளானுக்குப் போனோம். பிரசவ விடுதி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. எதிரே காப்பிக் கடை வைத்திருந்த சீனப் பெரியவர், டாக்டர் எப்போதோ இறந்துவிட்டார் என்றும், அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி மகளோடு ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறார் என்றும் சொன்னார். எந்தத் தெரு என்று தெரியவில்லை. நீங்கள் விடவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடித்தீர்கள். நாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம்.

அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, தன்னுடையதுதான் என்றார். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக் கிடைத்தால் போதும். நீங்கள் முனீஸ்வரியின் படத்தைக் காட்டினீர்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவோ அம்மாக்கள். ஞாபகம் இல்லையே" என்றார். பிறகு உங்கள் கையைப் பிடித்து, "உன் பையன் நல்லா இருக்கானா? தலை ரொம்பப் பெரிசா இருந்துச்சே" என்று கேட்டார். உங்களுக்குப் பிள்ளைகளே இல்லை. "நல்லா இருக்கான் மிஸ்ஸி" என்றீர்கள். வாசலில் அவருடைய மகள், அம்மாவுக்கு ஒரு நாள் இருக்கும் நினைவு மறுநாள் இருக்காது, கையெழுத்து வாங்குவது சரியில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். நாம் தலையாட்டினோம்.

பேருந்து நிறுத்தத்தில், "நேர்மையான மனுஷி டீச்சர். ஞாபகம் இல்லைங்கிறத ஞாபகமாச் சொன்னாங்க" என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அன்றைக்குத்தான் உங்களைக் களைத்துப் போனவராகப் பார்த்தேன்.

அடுத்து எந்தக் கவுண்டருக்குப் போகலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்றீர்கள். புதன்கிழமை மருத்துவமனை. அங்கே உங்களோடு உட்காரத்தான் நான் வந்தேன் அக்கா. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் யாரையும் விடவில்லை. வெளியே நாற்காலியில் இருந்தேன். தாதி வந்தபோதெல்லாம் எழுந்து நின்றேன். நீங்கள் செய்வது போலச் சிரிக்க எனக்கு வரவில்லை.

உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு உங்களைக் கிடத்தியிருந்தபோது நம் குடும்பங்கள் எல்லாம் வந்தார்கள். வேலை உடுப்போடு, பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முனீஸ்வரி மட்டும் கிட்டே வந்தாள். உங்கள் காலைத் தொட்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா தெரியாமத்தான டீச்சர் செஞ்சாங்க? நான் மூஞ்சிய மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. இப்ப சொல்றேன், கேக்குமா?" என்றாள்.

"கேக்கும்" என்றேன். அதைத் தவிர வேறொன்றும் நான் சொல்லவில்லை. உங்கள் காலடியில் நின்றுகொண்டு, என் தவற்றுக்கான மன்னிப்பை நீங்கள் வாங்கிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான்தான் அவளோடு போகிறேன். உங்கள் துணிப்பையை எடுத்துக்கொண்டேன். அட்டை விசிறி, கயிறு கட்டிய பேனா, அபிநயாவுக்கென்று நீங்கள் வைத்திருந்த புளிப்பு மிட்டாய் டப்பா எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. எத்தனை கவுண்டர் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஓர் இடத்தில் இன்னோர் இடத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் முதல் இடத்திலிருந்து கடிதம் கேட்பார்கள். யாரும் கடுமையாகப் பேசுவதில்லை. எல்லோரும் வருந்துகிறார்கள். அபிநயாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. ஊரில் அப்பா கட்டிய தகரக் கொட்டகை வீட்டைக் கைப்பேசியில் பார்க்கிறாள். "அங்க ஆடு இருக்காம் டீச்சர்" என்கிறாள். அவள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. இந்த ஊரிலும் அவள் இருப்பதாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு முழுமையை எத்தனை பங்காகவும் பிரிக்கலாம் என்றேன். "முதல்ல முழுசா இருக்கணும்ல டீச்சர்?" என்று கேட்டாள். பாடத்தைத்தான் கேட்டாள். நான்தான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முனீஸ்வரி வீட்டு வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அந்த பிளாஸ்டிக் போட்டது அக்கா இல்ல, முனீஸ்வரி. நான். அக்கா எனக்காகச் சொன்னாங்க."

முறத்தில் கை நின்றது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  உள்ளே அபிநயா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.

"செவ்வாக்கெழம வருவீங்கள்ல டீச்சர்?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"வரேன்" என்றேன்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அக்கா. அவள் என்மேல் கோபப்படலாம். ஆனால் கோபப்பட்டால் செவ்வாய்க்கிழமை அவளோடு போவதற்கு வேறு ஆள் இல்லை. உங்கள் மேல் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளால் முடிந்தது, ஏனென்றால் அப்போது இன்னொருத்தி, நான், பக்கத்தில் இருந்தேன். இப்போது அந்த வசதியும் அவளுக்கு இல்லை. மனத்தை இறக்கி வைக்கப் போய், என் சுமையில் ஒரு பங்கை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேனோ என்று தோன்றியது. உங்களிடம் கேட்டிருந்தால் சொல்ல வேண்டாம் என்றிருப்பீர்களோ என்னவோ.

நேற்று செவ்வாய்க்கிழமை. போனோம். கவுண்டரில் புதியவர், இளம்பெண். சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பாதி உரிந்த மூலையைத் தடவிப் பார்த்து, யார் இப்படிச் செய்தது என்று மலாயில் கேட்டாள்.

"சாயா" என்றேன்.

மேலதிகாரியிடம் காட்டுகிறேன், காத்திருங்கள் என்று சொல்லிக் கோப்பை உள்ளே கொண்டுபோனாள். முனீஸ்வரி சுவரோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் அபிநயா. இந்தப் பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை எடுத்து வைத்தாள். எப்போதும் மடியில் வைத்துக்கொள்கிற பை அது.

நான் அதற்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மிட்டாய் டப்பாவை எடுத்து நீட்டினேன். அபிநயா எட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். முனீஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அலுவலகம் மூடும் வரை இருந்தோம். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

நாளைக்குப் போகிறோம். பையை எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அக்கா. கூட உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாற்காலி தள்ளி.